ஐந்து பச்சை விளக்கும் ஒரு சந்தனப் பொட்டும்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உறவுக்காரர்கள் கேட்டால் என் மனைவி இரண்டு வரியில் முடித்துவிடுவாள். "கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் ஒரே பொட்டியில போட்டு வெச்சிருப்பாங்க. அது எப்ப சாவும்னு இவரு போயி பாத்துட்டு வருவாரு." இருபத்தைந்து வருடத்தில் என் தொழிலை இதைவிடத் தெளிவாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. ஜோசியம் மாதிரியா என்று ஒரு மாமா கேட்டார். "ஜோசியராவது தேதி சொல்லுவாரு. இவரு அதுவும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீங்களெல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள். நான் காக்களூரில் யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கற்றுக்கொண்டவன். எந்த டிஸ்க் எத்தனை மணி நேரம் உழைக்கும், எத்தனை டிஸ்க் போனால் எந்த அமைப்பு தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் எனக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் தப்பு. ஆரம்ப நாட்களில் காக்களூரில் ஒரு கம்பெனிக்கு, கம்ப்யூட்டர் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் பெட்டி இரண்டு வாங்கவைத்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதும்படி செய்து, "ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்" என்று மார்தட்டி எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம், பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் பட்டு ஒரு பிளக் கழன்றது. இரண்டு பெட்டியும் சேர்ந்து படுத்தன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகியிருந்தேன். முதலாளி கத்திவிட்டுப் போனபின் அந்த அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னார். "வுடு நைனா. ரெண்டு மூஞ்சி வெச்ச, மூக்கு ஒண்ணா வெச்சிட்ட." ஆட்கள் போகிறபோக்கில் சொல்லும் இப்படிப்பட்ட வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

இப்போது பெரிய தப்பு.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி வால்வு உடம்புகள் செய்வார்கள். மின்நிலையத்துக்கும் கப்பலுக்கும் போகிற சாமான்கள். உள்ளே ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் ஆவி அழுத்தத்தில் வெடித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சான்றிதழோடுதான் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் ஃபிலிம். இப்போது படம் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து பெட்டிக்கு. அந்தப் பெட்டியில் ஆறு டிஸ்க். அவற்றில் ஏதாவது ஒன்று போனாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து, போனவனுடைய பங்கைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு போனால் ஆறும் ஊமை.

அந்தப் படங்களைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்கிறவர் கஸ்தூரி. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற குடும்பத்துப் பெண். அதற்கென்று உள்ள தேர்வுகளை எழுதித் தேறி, பதினைந்து வருடமாக அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அடியில் கையெழுத்துப் போடுகிறவர். பராமரிப்புப் பிரிவின் மேஸ்திரி ஏழுமலை. மோட்டார், பம்பு, ஜெனரேட்டர், யூபிஎஸ் என்று கரண்டில் ஓடுகிற எல்லாம் அவர் பொறுப்பு. ஓடுகிறது என்பதால் நம்முடைய பெட்டியும் அவரிடமே இருந்தது.

ஒரு தை மாதம், "அந்தப் பெட்டி எவ்வளவு நாள் தாங்கும், பார்த்து எழுதிக் கொடுங்கள்" என்று மேனேஜர் கூப்பிட்டார். போனேன். என்னிடம் அப்போது ஒரு படிவம் இருந்தது. நானே தயாரித்தது. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்தப் படிவத்தின்மேல் எனக்கு இருந்த பெருமை, சிலருக்கு மகன்மேல் இருக்கும் பெருமை.

"கோளாறு வந்தால் பெட்டி மெயில் அனுப்புகிறதா?"

"அனுப்புது சார்" என்றார் கஸ்தூரி. பெட்டியின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். ஒரு முகவரி இருந்தது. ஆம் என்று டிக்.

"இன்னொரு நகல் எடுத்து வைக்கிறீர்களா?"

"தெனமும் சாயங்காலம் தானா எடுத்துக்கும்." டிக்.

"எல்லா விளக்கும் பச்சையா?"

இதற்கு நானே எழுந்து போனேன். பெட்டியின் முகத்தில் ஆறு டிஸ்குக்கும் ஆறு சின்ன விளக்கு. பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் போய்விட்டது. ஐந்து இடத்தில் பச்சை. இரண்டாவது இடத்தில் விளக்குக்கு மேலே கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது சார்" என்றார் ஏழுமலை. "எல்லா மிசினும் நிறுத்தி, தொடச்சி, பொட்டு வெச்சி, மறுநாள் ஓட்டுவோம். பொட்டிக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு குடுத்தோம். ஆறுக்கும்தான் வெச்சேன். மத்ததெல்லாம் உதுந்துபோச்சி. இது மட்டும் நின்னுக்கினு கீது."

நின்றது என்னவோ அவருடைய கைராசி என்பதுபோல் சொன்னார். நான் பொட்டை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதே விரலால் சற்று அழுத்தித் தேய்த்திருந்தால் போதும். தோன்றவில்லை. ஐந்து பச்சை இருக்கும்போது ஆறாவதும் பச்சையாகத்தான் இருக்கும் என்று மனது சொல்லிவிட்டது. மேலே சாமியும் இருக்கிறது. டிக். கடைசிப் பக்கத்தில் "ஆபத்து: குறைவு" என்று எழுதி, கோடு போட்டு, கையெழுத்திட்டேன். மதியம் அவர்கள் கேன்டீனில் எனக்கென்று தனியாக அப்பளம் பொரித்தார்கள்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கஸ்தூரி போன் செய்தார்.

"சார், எக்ஸ்ரே படம் எதுவுமே தொறக்க மாட்டேங்குது. காலைல கரண்டு போயி ஜெனரேட்டரு மாறுச்சி. அதுலேர்ந்து இப்டி."

"பயப்படாதீங்கம்மா. ஆறில் ஒன்று போனாலும் தாங்கும். நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே."

"அதான் சார் உங்களுக்கு போன் பண்ணேன்."

இந்த வாக்கியத்தை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், புதுவாயல் வழியாக வண்டியில் போகும்போது, சரிசெய்துவிட்டு என்ன சொல்லலாம் என்று ஒரு சிறிய உரையைக்கூடத் தயார் செய்தேன்.

அறைக்குள் போனால் ஐந்தாவது இடத்தில் மஞ்சள். சரி, ஒன்று. தாங்க வேண்டியதுதானே, ஏன் தாங்கவில்லை? அப்போதுதான் என் கண் இரண்டாவது இடத்துப் பொட்டின்மேல் போயிற்று. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைந்து போய், அடியில் மஞ்சள்.

கஸ்தூரிதான் கேட்டார்.

"ரெண்டும் இன்னிக்கா போச்சி?"

"இன்றைக்கு ஒன்றுதான் போயிருக்கும். மற்றது முன்பே போயிருக்க வேண்டும். ஒன்று இல்லாமலேதான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது."

"எப்பலேர்ந்து?"

"தெரியவில்லை."

"நீங்க வந்து பாத்துட்டுப் போனப்ப?"

பதில் சொல்வதற்குப் பதிலாகப் பெட்டியின் செட்டிங்கைத் திறந்தேன்.

மீதி இரண்டு டிக்கும் அடுத்த அரை மணி நேரத்தில் அவிழ்ந்தன. பெட்டி மெயில் அனுப்பத்தான் செய்தது. முன்பு அங்கே வேலை பார்த்த சிஸ்டம்ஸ் ஆளின் முகவரிக்கு. அவர் மஸ்கட் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நகலும் தினமும் சாயங்காலம் எடுக்கப்பட்டது. அதே பெட்டியில், வேறொரு ஃபோல்டரில். என் கேள்விகளுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. அனுப்புகிறதா என்று கேட்டேனே தவிர யார் படிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நகல் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர எங்கே என்று கேட்கவில்லை.

கஸ்தூரி நாற்காலியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"வியாழக்கிழம சரக்கு வாங்குற பார்ட்டி சைடுலேர்ந்து இன்ஸ்பெக்டரு வராரு சார். அவரு வாய்க்கு வந்த பழைய நம்பரு ஒண்ணு சொல்லுவாரு. நான் அந்தப் படத்த எடுத்துக் காட்டணும். காட்டலன்னா, இந்தம்மா படம் பாக்காமலே கையெழுத்து போட்டுக்கினு இருந்திருக்குன்னு எழுதுவாரு. ஒருதபா அப்டி எழுதிட்டா அப்புறம் என் கையெழுத்த எவனும் எடுத்துக்க மாட்டான். பதினஞ்சு வருசம் சார்."

மேனேஜர் வாசலில் நின்று, "ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்றார். பெட்டி விற்றவர்களுக்குப் போன் போட்டேன். போனில் இருந்தவர் தயக்கமே இல்லாமல் வழி சொன்னார். "போன ரெண்டுல ஏதாவது ஒண்ண, அது நல்லாத்தான் இருக்குன்னு பெட்டிய கட்டாயப்படுத்தி ஏத்துக்க வைங்க சார். எந்திரிச்சிடும்."

ஏதாவது ஒன்று. இங்கேதான் கவனிக்க வேண்டும். இன்று போன டிஸ்கில் இன்றுவரை எழுதியது இருக்கும். முன்பே போன டிஸ்கில் அது போன நாள்வரை எழுதியது மட்டும் இருக்கும். பழையதை ஏற்றிவிட்டால் பெட்டி பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் கலந்து தைத்து, அதையே சரி என்று நம்பி மற்றவற்றையும் திருத்த ஆரம்பிக்கும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒரே ஒரு வாய்ப்பு. எது பழையது, எது புதியது? பெட்டியின் நாட்குறிப்பைத் திறந்தேன். கரண்டு போய் வந்ததில் அதில் பழையதெல்லாம் அழிந்து, இரண்டுமே இன்று காலைதான் போயின என்று சொன்னது.

நான் இரண்டு டிஸ்கையும் வெளியே எடுத்து, தனியாகக் கரண்டு கொடுத்து, காதில் வைத்துக் கேட்டேன். இரண்டாவது சுகமாகச் சுற்றியது, ஒரு தடங்கலும் இல்லை. ஐந்தாவது 'டக், டக்' என்று இருமியது. முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஐந்தாவதுதான் எப்போதோ செத்தது. சத்தத்தைக் கேளுங்கள். இரண்டாவது நன்றாக இருக்கிறது. காலையில் கரண்டு போனபோது பயந்து ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதை ஏற்றுவோம்."

மேனேஜருக்குத் திருப்தி. விசைப்பலகையில் கை வைத்தேன்.

"அது ஓடல சார்" என்றார் ஏழுமலை.

"எது?"

"ரெண்டாவது. நீங்க நல்லாகீதுன்னு சொல்றீங்களே, அதுதான்."

"இப்போதுதானே கேட்டோம்? அருமையாக ஓடுகிறது."

"இப்ப ஓடுது. நீங்க கரண்டு குடுத்தீங்க, ஓடுது. பூஜைலேர்ந்து ஓடல."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"பொட்டு நின்னுச்சே சார்."

மேனேஜர் சலித்துக்கொண்டார். "ஏழுமலை, சாமி சமாச்சாரமெல்லாம் அப்புறம் பேசலாம்."

"சாமி இன்னாத்துக்கு சார் இதுல? நான் மோட்டார சொல்றேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு அஞ்சி நிமிசம் பம்பு ரூமு வரைக்கும் வாங்க சார்."

எல்லாரும் அவசரப்படுத்துகிற நேரத்தில் பம்பு ரூமுக்கு நடப்பது முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது. ஆனால் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. எழுந்து போனேன். கஸ்தூரியும் வந்தார்.

பம்பு ரூமில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மோட்டார். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் மஞ்சளாக ஒரு கறை மட்டும். மற்றது சும்மா நின்றது. அதில் சந்தனமும் குங்குமமும் நேற்று வைத்ததுபோல் முழுசாக இருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே நாள்லதான் வெச்சேன்" என்றார் ஏழுமலை. "ஓடுறது ஆடிக்கினே இருக்கும், சூடும் ஏறும். சந்தனம் காஞ்சி வெடிச்சி ஒரு மாசத்துல கொட்டிடும். ஸ்டாண்ட்பை அப்டியே நிக்கும். மாசத்துக்கு ஒருதபா மாத்தி மாத்தி ஓட்டணும் சார், பசங்க ஓட்டாமலே ஓட்டுனோம்னு எழுதுவானுங்க. பொட்டப் பாத்துதான் புடிப்பேன்."

நான் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வகைப் பெட்டியின் குணம் எனக்குத் தெரியும். ஒரு டிஸ்க் சரியில்லை என்று பட்டால் அதை ஒதுக்கிச் சுற்றாமல் நிறுத்திவைத்துவிடும். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க், ஒருநாள் ஓய்வு கொடுத்துத் திரும்ப எழுப்பும்போது எழ மறுப்பதும் புதிதல்ல. பூஜைக்கு அணைத்தார்கள். பொட்டு ஈரமாக இருக்கும்போதே மறுநாள் ஓட்டினார்கள். ஐந்து எழுந்தன. இரண்டாவது எழவில்லை. ஓடிய ஐந்தின் பொட்டும் உதிர்ந்து விளக்கு தெரிந்தது. ஓடாத ஒன்றின் பொட்டு மட்டும் நின்று, தன் விளக்கைத் தானே மூடிக்கொண்டது. ஒன்பது மாதம் படுத்துத் தூங்கியவன் இப்போது எழுப்பினால் ஏன் சுகமாகச் சுற்றமாட்டான்? இருமுகிறவன்தான் இன்று காலைவரை வேலை செய்தவன்.

"மறுநாள் ஓட்டும்போது பெட்டியின் பஸ்ஸர் கூவியிருக்குமே, ஏழுமலை?"

அவர் தலையைச் சொறிந்தார். "கூவுச்சி சார். யூபிஎஸ்ஸுதான் கத்துதுன்னு நெனச்சிக்கினு அமுக்கிட்டேன்." அதோடு, "உங்களாண்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல" என்றார்.

உண்மைதான். என் நாற்பது கேள்வியில் ஒன்றுகூட அவரிடம் கேட்பதற்கானது அல்ல.

திரும்பி வந்து, புதிதாக எதுவும் எழுத முடியாமல், படிக்க மட்டும் முடிகிறபடி பெட்டியைப் பூட்டிவிட்டு, இருமுகிற ஐந்தாவதை ஏற்றினேன். உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. முதலில் அந்த டிஸ்கை அப்படியே நகலெடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். அது இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. முழுதாக நகலெடுத்தால் பாதி நேரம் காலி இடத்தைத்தான் நகலெடுத்துக்கொண்டிருப்போம். முக்கியமானதை மட்டும் முதலில் வெளியே இழுப்பது என்று தீர்மானித்தேன். சரியா தப்பா என்று இன்றும் என்னோடு சண்டை போடலாம்.

பெட்டி எழுந்தது. படங்கள் தெரிந்தன. அதே பெட்டியில் டிசைன் டிராயிங்குகளும் இருந்தன. மேனேஜர் உடனே, "முதல்ல டிராயிங்ஸ எடுங்க" என்றார். டிராயிங் எல்லாம் டிசைன் ஆட்களின் கம்ப்யூட்டரில் எப்படியும் பாதிக்கு மேல் இருக்கும் என்று சொல்லி அவரைப் பின்னால் தள்ளினேன். கஸ்தூரி, வியாழக்கிழமை அனுப்பப்போகிற சரக்கின் படங்களைத்தான் முதலில் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். நானே அந்த ஃபோல்டரைத் தொட்டும்விட்டேன்.

"அத வுடுங்க சார்" என்றார். "அந்தப் பீஸெல்லாம் யார்டுலதான் கீது. ரெண்டு நாள் ஒக்காந்து திரும்ப எக்ஸ்ரே எடுத்துப்பேன். போயி கப்பல்ல மாட்டுனத நான் எங்க போயி எடுக்கிறது? பழச எடுங்க."

அபாயத்தை எப்படி மதிப்பிடுவது என்று இருபத்தைந்து வருடமாக நான் பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். எது அடிக்கடி போகும், எது எப்போது போகும் என்று வரைபடமெல்லாம் போட்டுக் காட்டுவேன். போனால் திரும்ப எடுக்க முடியாதது எது என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வாக்கியம். அதை நோட்டில் எழுதிக்கொள்ள அன்று கை ஒழியவில்லை.

இரண்டு மணிக்கு ஆரம்பித்து, வருடவாரியாக, அனுப்பிய சரக்கின் படங்களை ஒரு புது டிஸ்குக்கு இழுத்தோம். ஏழுமலை டேபிள் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து ஐந்தாவதின் எதிரே வைத்தார். ஐந்தரை மணிக்கு அது இருமலை நிறுத்தியது. திரும்ப எழவில்லை. கஸ்தூரி பட்டியலோடு சரிபார்த்தார். கம்பெனியை விட்டுப் போன சரக்கில் பதினொரு படம் மட்டும் வரவில்லை. யார்டில் இருந்ததை அவர் செவ்வாயும் புதனும் உட்கார்ந்து திரும்ப எடுத்துவிட்டார்.

புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளை நீங்களும் இருக்க வேண்டும் என்றார். "கரண்டு போனதால நடந்த விபத்துன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. உங்க பழைய ரிப்போர்ட்டு அப்படியே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு?" எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. என் பெயரில் கறை விழாது. கரண்டு யாரிடமும் சண்டைக்கு வராது. லெட்டரை எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் நம்பர் எதுவும் சொல்வதற்கு முன்பே கஸ்தூரி ஒரு தாளை அவர்முன் வைத்தார். "சார், இந்தப் பதினொண்ணுக்குப் படம் இல்ல. போயிடுச்சி. மத்தது எத வேணும்னாலும் கேளுங்க."

அவர் தாளைப் பார்த்தார். வேறு மூன்று நம்பர் சொன்னார். மூன்றும் வந்தன. பிறகு தாளுக்குத் திரும்பினார்.

"எல்லாம் இருக்கு. இந்தப் பதினொண்ணு மட்டும் இல்ல. இதுல என்னம்மா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்ல பீஸு."

"நல்ல பீஸுன்னு உங்க கையெழுத்து சொல்லுது. படம்தானே அதுக்குச் சாட்சி?" மேனேஜர் என் லெட்டரையும் பழைய ரிப்போர்ட்டையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டையும் நிதானமாகப் படித்தார். "இதுல கரண்டு போனதால பெட்டி விழுந்துச்சுன்னு இருக்கு. அதுல ஆறு டிஸ்க்கும் நல்லா இருக்கு, ஒண்ணு போனாலும் தாங்கும், ஆபத்து குறைவுன்னு இருக்கு. அப்படி நல்லா இருந்த பெட்டியில இந்தப் பதினொண்ணு மட்டும் எப்படிங்க போகும்?"

கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் டிக் அவருடைய கழுத்தில் போய் விழுந்திருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பெட்டி நன்றாக இருந்தது என்று நான் எழுதியிருக்கும்வரை, படத்தை ஒளித்தவர் கஸ்தூரியாகத்தான் இருக்க முடியும்.

மேனேஜருடைய ஷூ மேசைக்கடியில் என் காலைத் தேடி வந்தது.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு" என்றேன். "நான் பார்த்தது ஐந்து விளக்கு. ஆறு என்று எழுதினேன். நான் பார்க்காத அந்த ஒன்று அன்றைக்கே போயிருந்தது. நான் பார்த்துச் சொல்லியிருந்தால் புது டிஸ்க் மாட்டியிருப்பார்கள். திங்கட்கிழமை ஒரு படமும் போயிருக்காது. கரண்டு என்பது நேற்று எழுதியது. அதுவும் தப்பு."

"ஏன் பாக்கல?"

"மேலே பொட்டு இருந்தது."

"துடைச்சிப் பாக்கலாமே?"

"சாமிப் பொட்டாச்சே என்று தொட்டுக் கும்பிட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். செத்த இரண்டு டிஸ்கையும் கொண்டுவரச் சொன்னார். ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் பம்பு ரூம் கதையைச் சொன்னதோடு, தான் பஸ்ஸரை அமுக்கியதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பம்பு ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு எழுதினார். அந்தப் பதினொரு சாமானையும் மாட்டிய இடத்தில் அடுத்த தடவை ஓட்டத்தை நிறுத்தும்போது வேறு முறையில் சோதிக்க வேண்டும், படம் போனதற்குக் காரணம் சேமிப்பு அமைப்பைத் தவறாக மதிப்பிட்டது, சான்றளித்தவர்மேல் குறை ஒன்றும் இல்லை. என் பெயரை மட்டும் முழுசாக, எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு அங்கே இனி வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன். வராந்தாவில் கஸ்தூரி நின்றார்.

"நீங்க சொல்லலன்னா என் பேரு இன்னியோட போயிருக்கும் சார்" என்றார்.

"அதனால் என்னம்மா" என்று ஆரம்பித்து, கொஞ்சம் பெருந்தன்மையாக ஏதோ சொல்லப்போனேன்.

"ஆனா நீங்க அன்னிக்கே ஒழுங்கா பாத்திருந்தீங்கன்னா, நீங்க சொல்றதுக்கும் வேல இல்ல, எனக்கு இந்தப் பேஜாரும் இல்ல." சொல்லிவிட்டு ஒரு டார்ச் லைட்டை என் கையில் வைத்தார். "படிவத்துல இன்னும் முப்பத்தேழு கேள்வி கீது. வாங்க, நான் நிக்கிறேன், ஒவ்வொண்ணா பாருங்க."

அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில் தரையில் படுத்தும் முட்டிபோட்டும் கிடந்தேன். ஏழுமலையிடம் கேட்டுக் கேட்டு, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான் பார்க்காமல் டிக் போட்டது இன்னும் நான்கு இருந்தது.